"நார்மல்தான் சிஸ்டர்" என்றதும் பேனாவை மூடிவிடாதீர்கள்: பெண்களைத் தனியாகப் பார்க்கத் தொடங்கும் நர்ஸ்களுக்கு

நாற்பதைத் தாண்டிய ஒருவர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வந்திருந்தார். பீரியட்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் நார்மல்தான் சிஸ்டர்" என்றார். அதை அப்படியே எழுதப் போனவள், கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. "சரி, ரொம்பப் போகிற நாளில் எத்தனை தடவை பேட் மாற்றுவீர்கள்?" "எண்ணினதில்லை சிஸ்டர், ஒரு மணி நேரத்துக்கு ஒன்று இருக்கும், வெளியே போனால் ரெண்டைச் சேர்த்து வைத்துக்கொள்வேன்." "ராத்திரி?" "கீழே பழைய துண்டு விரித்துக்கொள்வேன், ரெண்டு தடவை எழுந்திருப்பேன்." எப்போதிலிருந்து என்றால் கடைசிக் குழந்தை பிறந்ததிலிருந்தே. அந்தக் குழந்தைக்கு அப்போது 11 வயது. ஹீமோகுளோபின் 6.4.

அவர் எதையும் மறைக்கவில்லை. 11 வருடம் மாதாமாதம் நடக்கிற ஒன்று யாருக்கும் நார்மலாகத்தான் தெரியும். தப்பு என் முதல் கேள்வியில் இருந்தது. "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும்.

மேல்படிப்பு முடித்து நர்ஸ் பிராக்டிஷனராகவோ அதற்கு இணையான பொறுப்பிலோ தனியாக உட்கார்ந்து, நாமே பரிசோதித்து, நாமே டெஸ்ட் எழுதி, நாமே கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெண்கள் சொல்கிற "நார்மல்" என்ற சொல்லை ஒரு எண்ணாகவோ, கண்ணில் தெரிகிற ஒரு காட்சியாகவோ மாற்றாமல் கேஸ் ஷீட்டில் ஏற்றாதீர்கள். அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே இருக்கிறது. எந்த மருந்தை நாமே எழுதலாம், எதற்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் சட்டமும் நீங்கள் வேலை செய்யும் இடத்தின் நெறிமுறையும் விடுகிற எல்லைக்குள் இதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள்

உடை மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, போர்வைக்குக் கீழே இருப்பவரிடம் "சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை" என்று கேட்பதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். உடையோடு, நாற்காலியில், உங்கள் கண் மட்டத்தில் அவர் இருக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். கூட வந்தவர் யாராக இருந்தாலும், கணவரோ அம்மாவோ மகளோ, கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். "எல்லாரையும் கொஞ்ச நேரம் தனியாகப் பார்ப்பது எங்கள் வழக்கம்" என்று ஒரே மாதிரி எல்லாரிடமும் சொல்லிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. மொழி தெரியாதவர் என்றால் குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கருக்கலைப்பைப் பற்றியோ அடியைப் பற்றியோ தன் மாமியார் வாய் வழியாக எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள்.

கேள்வி வரிசையை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். எனக்குப் பழகினது, கடைசி மாதவிடாய் எந்தத் தேதி, அதற்கு முந்தையது எந்தத் தேதி, எத்தனை நாள், எவ்வளவு, அப்புறம் வலி, அப்புறம் எத்தனை தடவை கர்ப்பம், ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது, இப்போது கர்ப்பம் வேண்டுமா வேண்டாமா, உறவின்போது வலியோ ரத்தமோ உண்டா, சிறுநீர் கசிகிறதா. கடைசிக் கேள்வியை நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. இருமினால் ஒரு சொட்டு வருவதை வயதின் கணக்கில் போட்டுவிட்டு வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் ஏராளம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சரியாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு தடவைக்கு 8 சுருக்கம் என்று ஒரு நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால் நிறையப் பேருக்குக் குறையும். சரியான தசையைத்தான் சுருக்குகிறாரா என்பதை ஒரு தடவையாவது உறுதி செய்துகொள்ளுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு பயிற்சி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

ரத்தப்போக்கை அளப்பது

ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய இலக்கணம். யாரும் அளந்து கொண்டுவரப் போவதில்லை என்பதால் அது கிளினிக்கில் உதவாது. இப்போதைய புரிதல், அவருடைய அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிற அளவு போனால் அது அதிகம்தான், அவ்வளவே. ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கேள்வி துல்லியமாக இருக்க வேண்டும். பேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைகிறதா, கட்டி விழுகிறதா, விழுந்தால் எவ்வளவு பெரிசு (விரல் நகம் அளவா, உள்ளங்கை அளவா என்று கையைக் காட்டிக் கேளுங்கள்), இரவில் எழுந்து மாற்றுகிறாரா, படுக்கை நனைகிறதா, அந்த நாட்களில் வேலைக்கோ வெளியிலோ போவதைத் தவிர்க்கிறாரா. சுழற்சி 24 முதல் 38 நாளுக்குள், போக்கு 8 நாளுக்குள் என்பது எல்லை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கறை படுவது, உறவுக்குப் பின் ரத்தம் வருவது இரண்டும் தனி விஷயம், தனியாக எழுதுங்கள்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் யாருக்கு ரத்தப்போக்கோ வயிற்றுவலியோ என்றாலும் முதல் டெஸ்ட் கர்ப்பப் பரிசோதனை. "வாய்ப்பே இல்லை" என்று சொன்னாலும் செய்யுங்கள். குழாயில் தங்கின கர்ப்பம் வெடித்த ஒருவர் தோள்பட்டை வலி என்று சொல்லிக்கொண்டு நடந்தே வரக்கூடும், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி அங்கேதான் தெரியும்.

காரணங்களைத் தேடும்போது 2011-இல் சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ கொண்டுவந்த பாம்-கோயின் பகுப்பு நல்ல கைப்பிடி. பாம் என்றால் கண்ணால் அல்லது ஸ்கேனால் பார்க்கக்கூடியவை: பாலிப் (உள்சவ்வில் வளரும் சின்னச் சதை), அடினோமயோசிஸ் (உள்சவ்வுத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), லியோமயோமா என்கிற ஃபைப்ராய்டு கட்டி, புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும். கோயின் என்றால் ஸ்கேனில் தெரியாதவை: ரத்தம் உறையும் கோளாறு, கருமுட்டை வெளிவராத சுழற்சி, கர்ப்பப்பை உள்சவ்வின் கோளாறு, மருந்தாலோ சாதனத்தாலோ வருவது, மற்றவை. இதில் எல்லாரும் மறப்பது உறையும் கோளாறு. வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே வெள்ளமாகப் போகிறது, பல் பிடுங்கினபோது ரத்தம் நிற்கவில்லை, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது என்று ஒரு சின்னப் பெண் சொன்னால் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத வான் வில்லிபிராண்ட் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 45 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் போக்கு மாறினாலும், வயது குறைவாக இருந்து உடல்பருமனோ, வருடக்கணக்கில் கருமுட்டை வெளிவராத சுழற்சியோ இருந்தாலும் உள்சவ்விலிருந்து திசு எடுத்துப் பார்க்க அனுப்ப வேண்டும்.

ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் 12.3 இருந்துகொண்டே ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்தில் கிடக்கும் பெண்கள் நிறைய. மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, கால் குடைச்சல் என்று அலைந்து, "ரிப்போர்ட் நார்மல்" என்ற பதிலோடு திரும்பிப் போவார்கள். இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றால் நிறுத்தாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி அடுத்த நாள் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும், அதனால் இடைவெளி விட்டால் நஷ்டமில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் 3 மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். கூடவே போக்கைக் குறைக்காமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் போதும், முன்பு ரத்தம் உறைந்து கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ அடைத்த கதை இருந்தால் கொடுக்கக் கூடாது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் கொண்ட கர்ப்பப்பைச் சாதனம் நன்றாகவே வேலை செய்யும், முதல் சில மாதம் ஒழுங்கில்லாமல் கறை படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அடுத்த மாதமே எடுக்கச் சொல்லி வருவார்கள்.

நான் மேலே சொன்னவரை அன்றைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன், ஃபைப்ராய்டு இருந்தது. சில மாதம் கழித்து அவர் வந்தபோது ஒரு சின்ன நோட்டை நீட்டினார். தேதி போட்டு, எதிரே பேட் எண்ணிக்கை, கட்டி விழுந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நான் கேட்டேன் என்பதற்காக எழுதினாராம். இப்போது எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வலிக்கும் இதே கணக்குதான். "வலி இருக்கிறதா" என்று கேட்காமல் "எத்தனை நாள் படுத்துவிடுகிறீர்கள், எத்தனை மாத்திரை போடுகிறீர்கள், மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, உறவின்போது உள்ளே ஆழத்தில் வலிக்கிறதா" என்று கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது, பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிவிடுகிறது. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் அது இல்லை என்று அர்த்தமில்லை. கதை பொருந்தினால் அறுவைசிகிச்சை வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

ஸ்பெகுலம்

உள்ளே விட்டுத் திறந்து கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் கருவி இது. எல்லாருக்கும் இது தேவையில்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை எழுத உள்பரிசோதனை வேண்டியதில்லை, பிபி பார்த்தால் போதும். செய்வதற்குக் காரணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள், அந்தக் காரணத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கருவியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள், திறந்து மூடும் அந்த "க்ளிக்" சத்தத்தை வெளியில் ஒரு தடவை கேட்டுவிட்டால் உள்ளே கேட்கும்போது திடுக்கிட மாட்டார். "நிறுத்து என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடுவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். துணைக்கு ஒரு பெண் ஊழியர் இருக்கட்டுமா என்று கேளுங்கள். காலை மாட்டும் கொக்கி இல்லாமலே, பாதத்தைப் படுக்கையில் ஊன்றி முட்டியைப் பக்கவாட்டில் சரிய விட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதித்துவிடலாம். அப்புறம் சொற்கள். "காலை விரியுங்கள்" என்று சொல்லாதீர்கள், "முட்டி இரண்டும் தானாகச் சாயட்டும்" என்று சொல்லுங்கள். "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று அதட்டி யாரும் தளர்ந்ததில்லை, அதற்குப் பதிலாக "மூச்சை மெதுவாக விட்டபடி இடுப்பைப் படுக்கையில் அழுத்துங்கள்" என்றால் உடம்பு தானாக இறங்கும்.

சின்ன அளவிலிருந்து தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தோ, நுனியைத் தவிர்த்து மெல்லிசாக நீர் கலந்த ஜெல் தடவியோ, முதலில் அவர் தொடையில் தொட்டு "இவ்வளவுதான் சூடு, சரியா" என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள். பாதை நேர் கிடையாக இல்லை, முதுகின் அடிப்பக்கத்தை நோக்கிச் சரிவாகப் போகிறது. அந்தச் சரிவில், கீழ்ச் சுவரை ஒட்டி விட வேண்டும். மேலே அழுத்தினால் சிறுநீர்க் குழாயும் இடுப்பெலும்பும் மாட்டும், பலர் "உயிர் போய்விட்டது" என்று சொல்லும் வலி அநேகமாக இந்தத் தப்பால் வருவதுதான். முழுசாக உள்ளே போன பிறகே மெதுவாகத் திறங்கள். கர்ப்பப்பை வாய் தெரியவில்லை என்றால் உள்ளேயே துழாவாமல் கொஞ்சம் வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றுங்கள், இடுப்புக்குக் கீழே அவர் தன் முஷ்டியை வைத்துக்கொண்டால் பல நேரம் சட்டென்று தெரிந்துவிடும்.

பரிசோதிக்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், கால் விரல்களையும் பாருங்கள். "பரவாயில்லை சிஸ்டர்" என்று வாய் சொல்லும், கட்டைவிரல் படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது நிறுத்துங்கள். "நீங்களே உள்ளே வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் நிறையப் பேர் செய்துவிடுவார்கள், வலியும் குறைவாக இருக்கும். மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவருக்குச் உள்சுவர் வறண்டு மெலிந்து, எளிதில் கிழியும்படி கூட இருக்கும். அவசரம் இல்லையென்றால் சில வாரம் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துவிட்டுப் பார்ப்பது மேல்.

உள்பரிசோதனையில் கர்ப்பப்பை வாயை அசைக்கும்போது துள்ளிக் குதிக்கிற வலி இருந்தால் இடுப்புக்குழித் தொற்று என்று வைத்துக்கொண்டு ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்குங்கள், தாமதமானால் குழாய் அடைத்துக் குழந்தையின்மையில் போய் நிற்கும். வெள்ளைப்படுதலுக்குப் பார்க்காமலே பூஞ்சை மருந்து எழுதும் பழக்கம் வேண்டாம். அமிலத்தன்மையைக் காட்டும் ஒரு பிஹெச் தாள் வையுங்கள், 4.5-க்கு மேலே போனால் பாக்டீரியல் வஜைனோசிஸ், டிரைகோமோனாஸ் மாதிரி வேறு தொற்று இருக்கலாம், பூஞ்சைக்குப் பொதுவாக அது ஏறாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங்

உறவின் வழியாகப் பரவும் எச்பிவி வைரஸில் 16, 18 என்ற இரண்டு வகை மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எச்பிவி டிஎன்ஏ டெஸ்டையே முதல் டெஸ்டாகச் செய்யச் சொல்கிறது. பொதுவாக 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு தடவை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய விஷயம், சாம்பிளை அந்தப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பது. பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தால் போதும், ஸ்பெகுலமே வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், முன்பு யாரோ முரட்டுத்தனமாகப் பரிசோதித்ததால் இனி படுக்கவே மாட்டேன் என்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இது கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் இடத்தில் அந்த வசதி இருந்தால் கேட்காதவர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னும் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட், எடுக்கும் இடமென்றால், துடைப்பம் மாதிரியான பிரஷ்ஷின் நடுமுனை வாய்த் துளைக்குள் இருக்கும்படி வைத்து ஒரே திசையில் 5 முழுச் சுற்று. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் இடமென்றால் ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருங்கள், அவசரப்பட்டால் வெள்ளைத் திட்டு கண்ணில் படாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த முறை சரிவராது, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும்.

பாசிட்டிவ் என்று சொல்லும்போது இரண்டு விஷயத்தை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். இது புற்றுநோய் இல்லை, பெரும்பாலான தொற்று இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும், போகாததைத்தான் கவனித்துச் சிகிச்சை செய்யப் போகிறோம். அடுத்தது, வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது, எப்போது யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சண்டை வெடிக்கும்.

கருத்தடை எழுதும்போது

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை என்றால் பிபி, தலைவலி, சிகரெட், முன்பு ரத்தம் உறைந்த கதை, பால் கொடுக்கிறாரா, வேறு என்ன மருந்து என்று ஆறு கேள்வி. ஒற்றைத் தலைவலி வரும் முன் கண்ணில் வளைவு வளைவாக மின்னுகிறது, பார்வையில் ஓட்டை விழுகிறது என்றால் அந்த மாத்திரை கூடவே கூடாது, பக்கவாத ஆபத்து. பிபி 160/100 என்றாலும், 35 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிப்பவர் என்றாலும், பிரசவமாகி 6 வாரம் ஆகாமல் பால் கொடுப்பவர் என்றாலும் அப்படித்தான். பிபி 140/90-ஐத் தொட்டாலே வேறு வழியைப் பேசுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது ஃபெனிடாயின் சாப்பிடுபவருக்கு மாத்திரையின் பலம் குறைந்துவிடும், காப்பர்-டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 5 நாளுக்குள் காப்பர்-டி வைத்தால் அவசரக் கருத்தடைகளிலேயே அதுதான் பலமானது, மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல் இதையும் சொல்லுங்கள்.

பழைய பிரசவத்தைக் கேளுங்கள், 55 வயதிலும்

இது பலருக்கு விசித்திரமாகத் தெரியும். 55 வயதில் பிபிக்கு வந்தவரிடம் எதற்கு 30 வருடத்துக்கு முந்தைய பிரசவம்? கர்ப்பத்தில் பிரிஎக்லாம்ப்சியா (பிபி ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிப்பது) வந்தவருக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவருக்கு டைப் 2 நீரிழிவு ஆபத்து 7 முதல் 10 மடங்கு. பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்டும், அப்புறம் 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும். குழந்தை வந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது, நீங்கள்தான் தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். மாரடைப்பில் பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி, ஆனால் கூடவே தாடை, முதுகு, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வரும்போது மற்றவையே பெரிசாகப் பேசப்பட்டு நெஞ்சு பின்னால் போய்விடும். ஈசிஜி எடுக்கத் தயங்காதீர்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு

12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு, சராசரி வயது 51. 45-க்கு மேல் கதை தெளிவாக இருந்தால் ஹார்மோன் டெஸ்ட் வேண்டியதில்லை. 40-க்கு முன்னால் நின்றால் அது வேறு விஷயம், சினைப்பை முன்கூட்டியே சோர்ந்துவிட்டது என்று அர்த்தம், எலும்புக்கும் இதயத்துக்கும் அவருக்கு ஹார்மோன் தேவை, 51 வரையாவது. உடம்பு தீயாகக் கொதித்து ராத்திரி நனைந்து எழுபவருக்கு, வயது 60-க்குள், நின்று 10 வருடத்துக்குள், மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ இல்லை என்றால் ஹார்மோன் சிகிச்சையைப் பேசலாம். கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டோஜன் கூடவே வேண்டும்.

ரத்தம் நின்ற பிறகு திரும்ப ஒரு சொட்டு வந்தாலும் அதை விடாதீர்கள். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். ஆரம்ப காலத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர், "துணியில் கொஞ்சம் கறை, மூலமாக இருக்கும், நார்மல்தான்" என்றார். நானும் மலம் இளக மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. சில மாதம் கழித்து வேறு இடத்தில் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அப்படி ரத்தம் வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தப் புற்றுநோய் இருக்கும், மற்ற ஒன்பது பேருக்கு இல்லை என்பதால் நாம் அசந்துவிடுகிறோம். உள்வழி ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கொஞ்சம் நிம்மதி, மேலே இருந்தாலும், திரும்பத் திரும்ப வந்தாலும், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர் என்றாலும் திசு எடுக்க அனுப்புங்கள். அதே மாதிரி 50-க்கு மேல் புதிதாக வந்த வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, "வாயுத்தொல்லைதான்" என்று பெயர் வைத்துக்கொண்டு வரும். சினைப்பையைப் பார்க்காமல் வாயு மாத்திரை எழுதாதீர்கள்.

கேட்கத் தயங்குகிற இரண்டு

ஒன்று மனசு. பிரசவமான பெண் "தூக்கம் இல்லை, அவ்வளவுதான்" என்பாள். குழந்தை தூங்கும்போதாவது தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள், வரவில்லை என்றால் அது சோர்வு மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விதான், கடந்த 7 நாளைப் பற்றி. மொத்த மதிப்பெண் எவ்வளவு என்றாலும் பத்தாவது கேள்வியில், தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியதில், பூஜ்யம் தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் அன்றைக்கே பேசி, அன்றைக்கே உதவிக்கு ஏற்பாடு. அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதே சமயம் பிபியும் பாருங்கள், பிரிஎக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட வரலாம், 160/110 என்றால் அவசரம்.

மற்றது அடி. உலகத்தில் மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். "வீட்டில் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டால் ஆமாம் என்பாள். "வீட்டில் யாராவது அடிப்பது, பயமுறுத்துவது, விருப்பமில்லாமல் உறவுக்குக் கட்டாயப்படுத்துவது உண்டா?" என்று தனியாக, நேராகக் கேளுங்கள். உண்டு என்றால் உடனே அறிவுரை வேண்டாம். காதுகொடுத்துக் கேளுங்கள், என்ன தேவை என்று விசாரியுங்கள், "உங்கள் மேல் தப்பு இல்லை, நான் நம்புகிறேன்" என்று சொல்லுங்கள், இன்றைக்கு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று சேர்ந்து யோசியுங்கள், உதவக்கூடியவர்களோடு இணைத்துவிடுங்கள். பிரிந்து வா என்று நாம் சொல்லக் கூடாது, பிரியும் நேரம்தான் பலருக்கு மிக ஆபத்தான நேரம். கழுத்தை நெரித்தது உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள். உண்டு என்றால், வெளியே தழும்பே இல்லாவிட்டாலும், உயிராபத்து பெரிசு என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே செயல்படுங்கள். உதவி எண் எழுதின சீட்டை அவள் கேட்காமல் கையில் திணிக்காதீர்கள், வீட்டில் பையைத் துழாவுகிறவன் இருக்கலாம்.

ரிசல்ட் வந்த பிறகு

டெஸ்ட் எழுதிவிட்டால் அந்த ரிசல்ட் உங்கள் பொறுப்பு. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தாலும். பதிவு எண், என்ன டெஸ்ட், எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வந்ததா, சொன்னேனா, அடுத்து எங்கே அனுப்பினேன், அங்கே போனாரா. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரை அந்த வரியை அடிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அந்த நோட்டுக்கு மட்டும். இன்னொரு கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்: எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும். இதை அவர் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவிடுங்கள்.